சிவப்பு அறிவிப்பும் புகலடைந்தார் நியாயமும்

ஒரு நாட்டிற் குற்றம் இழைத்தவன் எல்லை கடந்து பிறிதொரு நாட்டிற் புகுந்துவிட்டால், அவனைப் பிடித்துத் தம்மிடம் ஒப்புவிக்குமாறு முன்னைய நாட்டார் கேட்பதும், பின்னைய நாட்டார் ஆராய்ந்து ஒப்புவிப்பதும் உலக வழக்கு. இதனை ‘ஒப்படைப்பு’ என்னும் பெயரால் இக்கட்டுரையில் வழங்குவோம். கொலைஞனும் கொள்ளைக்காரனும் பொதுப்பணத்தைச் சூறையாடியவனும் ஒரு விமானச் சீட்டின் விலையாலே தண்டனைக்குத் தப்பிவிடலாம் என்றிருக்குமாயின், சட்டம் என்பது ஏழைக்கும் ஓடமாட்டாதவனுக்கும் மட்டுமே உரியதாய் முடியும். ஆதலின் ஒப்படைப்பு நீதிக்கு வேண்டுவதொரு துணை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், கேட்கும் அரசு எப்பொழுதும் நீதியையே கருதிக் கேட்கிறது என்று கொள்ளுதற்கில்லை. தன்னைக் குறைகூறிய எழுத்தாளனையும், எதிர்க்கட்சியைச் சேர்ந்தவனையும், சிறுபான்மை இனத்துத் தலைவனையும் திருடன் என்றும் கலகக்காரன் என்றும் பெயரிட்டு, பிறநாட்டார் கையாற் பிடிப்பிக்க முயலும் அரசுகளும் உள. நம் மாணவர் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருக்கையில், “அனைத்துலகப் போலீஸாரே ஒருவனைத் தேடுகிறார்கள் என்றால் அவன் ஏதேனும் செய்துதானே இருக்கவேண்டும்? நெருப்பில்லாமற் புகையுமா?” என்று ஒருவர் வினவியதை நாம் கேட்க நேர்ந்தது. அவ்வினா இயல்பானதே. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை முதலிற் சுருங்கச் சொல்லின், அறிவிப்பு என்பது ஓர் அரசின் வேண்டுகோள், தீர்ப்பு அன்று. வேண்டுகோளைத் தீர்ப்பாகக் கொண்ட இடத்திற் குற்றமற்றவரும் விலங்கு பூணுவர். இதனை ஒரு வரலாற்றால் விளக்குவோம்.

ஒரு பந்தாட்ட வீரரின் 76 நாள்

ஹக்கீம் அல்-அரைபி என்பவர் பாரசீக வளைகுடாவிலுள்ள பஹ்ரைன் நாட்டினர். அந்நாட்டுத் தேசியக் குழுவிற் கால்பந்து ஆடியவர். 2011-ஆம் ஆண்டில் அங்கு மக்கட் கிளர்ச்சி எழுந்தது. மறு ஆண்டில் அவர் சிறைப்பட்டார். சிறையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டதாகப் பின்னர்க் கூறினார். போலீஸ் நிலையமொன்றைச் சேதப்படுத்தினார் என்பது அவர்மேற் சாட்டிய குற்றம். அது நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட வேளையில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய பந்தயமொன்றில் தாம் ஆடிக்கொண்டிருந்ததாக அவர் மறுத்தார். 2014-இல், அவர் இல்லாத இடத்திலேயே 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஆஸ்திரேலியாவிற் புகலடைந்தார். 2017-இல் அந்நாடு அவரை அகதி என ஏற்றது. மெல்போர்ன் நகரத்துக் குழுவொன்றில் ஆடிக்கொண்டு அமைதியாய் வாழ்ந்துவந்தார்.

2018 நவம்பர் 27 அன்று, மணம் புரிந்த புதுமையில், மனைவியுடன் உல்லாசப் பயணமாகப் பாங்காக் நகரில் வந்திறங்கினார். விமான நிலையத்திலேயே பிடிபட்டார். பஹ்ரைன் அரசின் வேண்டுகோளின்மேல் இன்டர்போல் வெளியிட்டிருந்த ‘சிவப்பு அறிவிப்பு’ ஒன்றே காரணம். அகதி ஒருவர்மீது, அவர் எந்த நாட்டிற்கு அஞ்சி ஓடினாரோ அந்த நாடே கேட்க, இத்தகைய அறிவிப்பு வெளியாதல் இன்டர்போல் தனக்கு வகுத்துக்கொண்ட நெறிக்கே மாறானது. ஆதலின் நவம்பர் 30 அன்று அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது. அவர் அகதி என்னும் செய்தி ஆஸ்திரேலியாவின் ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு உரிய காலத்தில் எட்டவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது.

மூன்று நாளில் அறிவிப்பு மறைந்தது. ஆனால் அவர் விடுதலை பெற்றாரில்லை. பிடித்தாகிவிட்டது, பஹ்ரைன் அரசும் முறைப்படி ஒப்படைப்புக் கோரிவிட்டது. 2019 பிப்ரவரி 4 அன்று காலில் விலங்குடன் அவர் பாங்காக் நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்பட்டார். தம்மைப் பஹ்ரைனுக்கு அனுப்பவேண்டா என்று அவர் வாயிலில் நின்று கூவியதை உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன. ஆஸ்திரேலியக் கால்பந்துக் குழுவின் முன்னாள் தலைவர் கிரேக் ஃபாஸ்டர் முதலானோர் நாடுதோறும் குரல் எழுப்பினர். முடிவிற் பஹ்ரைன் தன் வேண்டுகோளை மீட்டுக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று அவர் விடுதலையாகி ஆஸ்திரேலியா திரும்பினார். மறு மாதமே அந்நாட்டுக் குடிமகனும் ஆனார். பிடிபட்ட நாள் முதல் விடுபட்ட நாள் வரை எண்ணின் 76 நாள். மூன்று நாளில் நீங்கிய ஒரு தாளின் நிழல் 76 நாள் ஒரு மனிதர்மேற் படிந்திருந்தது. ஃபாஸ்டரைப் போன்ற நண்பர் இல்லாதவர்க்கு அந்நிழல் எத்துணை நீளும் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

ஒப்படைப்பின் பழைமை

இனி, ஒப்படைப்பு என்னும் வழக்கு எங்ஙனம் வளர்ந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். கி.மு. 1259 அளவில் எகிப்து வேந்தனாகிய இரண்டாம் இராம்ஸேஸும் ஹிட்டைட்டு வேந்தனாகிய ஹட்டுஸிலியும் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் கல்லிலும் களிமண் ஏட்டிலும் காணக்கிடக்கின்றது. ஒருவர் நாட்டிலிருந்து ஓடியவரை மற்றவர் திருப்பி அனுப்பவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அவ்விதியோடு சேர்த்தே, திருப்பி அனுப்பப்பட்டவனுடைய மனைவி மக்களுக்கும் வீட்டுக்கும் கேடு செய்யலாகாது என்றும், அவன் கண்ணுக்கும் செவிக்கும் வாய்க்கும் காலுக்கும் ஊறு செய்யலாகாது என்றும் அவ்வேந்தர் எழுதிவைத்தனர். ஒப்படைப்பு எவ்வளவு பழைமையோ, ஒப்படைக்கப்படுவானைக் காக்கும் எண்ணமும் அவ்வளவு பழைமை என்பது இதனால் விளங்கும்.

பின்னைய நூற்றாண்டுகளில் மன்னர்கள் தம் பகைவரைக் கைமாற்றிக்கொள்ளவே பெரும்பாலும் இவ்வழக்கைக் கையாண்டனர். பெல்ஜியம் நாடு 1833-இல் இயற்றிய சட்டம் இதற்கு ஒரு வரம்பிட்டது. கொள்ளை, கொலை போன்ற பொதுக் குற்றங்களுக்காக ஒப்படைக்கலாம். அரசியற் குற்றத்துக்காக ஒப்படைத்தல் கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம். பின்னர் மற்ற நாடுகளும் இந்நெறியைத் தழுவின. ஆனால் எது அரசியற் குற்றம் என்பது எளிதில் விளங்குவதன்று. 1890-இல் சுவிட்ஸர்லாந்தின் திசீனோ மாநிலத்திற் கலகம் எழுந்து, அரசவை உறுப்பினர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரெனப்பட்ட காஸ்தியோனி இங்கிலாந்துக்கு ஓடினார். அரசியற் கிளர்ச்சியின் பகுதியாக அச்செயல் நிகழ்ந்தது எனக் கண்டு, ஆங்கில நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்தது. நான்கு ஆண்டு கழித்து, பாரிஸ் நகரத்து உணவு விடுதியில் வெடிகுண்டு வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மெயுனியே என்பவர் அதே பாதுகாப்பைக் கோரியபோது, அரசு என்பதையே வேண்டாதவர் பொதுமக்கள்மேல் எறியும் குண்டு அரசியற் குற்றம் ஆகாது எனக் கூறி, அதே நாட்டு நீதிமன்றம் அவரை ஒப்படைத்தது. இவ்விரு தீர்ப்பையும் அருகருகே வைத்துக் கற்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

அயலாட்சியின் எல்லை புகலிடமாகும் என்பது நம்மவர்க்குப் புதியதன்று. 1908-இற் சுப்பிரமணிய பாரதியார் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட சென்னையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார், வ. வே. சு. ஐயரும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தார். ஆங்கில ஒற்றர் தெருவில் நின்று காத்தும் பாரதியாரைப் பத்து ஆண்டு தொடமுடியவில்லை. 1918 நவம்பரில் எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் வந்தவுடனே அவர் கைதானார்.

எல்லையின் காவல் எல்லார்க்கும் இங்ஙனம் வாய்ப்பதில்லை. 1910 ஜூலை 8 அன்று, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்ட விநாயக தாமோதர சாவர்க்கர் மார்ஸேல்ஸ் துறைமுகத்திற் கப்பலின் சாளரத்தின் வழியே கடலிற் குதித்துக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்துத் திரும்பவும் கப்பலில் வந்த ஆங்கிலப் போலீஸாரிடமே ஒப்புவித்துவிட்டார். பிரான்ஸ் இதனை எதிர்த்து வழக்காடிற்று. 1911 பிப்ரவரியில் ஹேக் நகரத்து மத்தியஸ்த மன்றம், ஒப்புவித்த முறையிற் பிழை உண்டெனினும், அவரைத் திருப்பித்தர இங்கிலாந்து கடமைப்பட்டதன்று எனத் தீர்த்தது. பிழையாக ஆயினும் ஒருமுறை கைமாறியவரை மீட்டல் அரிது. ஆதலின் வாதாடவேண்டிய காலம் கைமாறுமுன்னரே.

வாதாடுவானுக்குரிய கேள்விகள்

அங்ஙனம் வாதாடும் வழக்கறிஞர் எவற்றைப் பற்றி நிற்பார்? நாடுகளின் சட்டங்களும் உடன்படிக்கைகளும் வேறுபடினும், பெரும்பாலும் எங்கும் காணப்படும் நெறிகள் ஐந்து.

முதலாவது, இரு நாட்டுக் குற்றம் என்பது. சாட்டப்பட்ட செயல் கேட்கும் நாட்டிலும் கேட்கப்படும் நாட்டிலும் குற்றமாய் இருத்தல் வேண்டும். அரசைக் குறைகூறி எழுதுதல் ஒரு நாட்டிற் குற்றமாயினும், மற்றொரு நாட்டில் உரிமையாயின், அதற்காக எவரையும் அனுப்புதற்கில்லை.

இரண்டாவது, குறித்த குற்றம் என்பது. எந்தக் குற்றத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினரோ அதற்கே விசாரித்தல் வேண்டும். களவு என்று சொல்லி வாங்கி, இராஜத்துரோகத்துக்காகத் தண்டித்தல் நம்பிக்கைத் துரோகமாகும்.

மூன்றாவது, மேற்கூறிய அரசியற் குற்ற விலக்கு. இதற்கும் எல்லை உண்டு. 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலை பற்றிய உடன்படிக்கை, இனப்படுகொலையை ஒப்படைப்பின்பொருட்டு அரசியற் குற்றமாகக் கருதலாகாது என வெளிப்படையாக விதிக்கின்றது. இனி, குற்றம் பொதுக் குற்றமேயாயினும், கேட்பதன் உள்நோக்கம் ஒருவரை இனம், சமயம், அரசியற் கொள்கை காரணமாக வருத்துவதாயின், அதுவும் மறுப்புக்குரியது எனப் பல உடன்படிக்கைகள் கூறும்.

நான்காவது, ஒரு செயலுக்கு இருமுறை தண்டனை இல்லை என்பது. முன்னரே விசாரிக்கப்பட்டு விடுதலையோ தண்டனையோ பெற்றவரை அதற்காகவே மீண்டும் அனுப்புதல் முறையன்று.

ஐந்தாவது, அனுப்பப்பட்டபின் நேரவிருக்கும் கதியை நோக்குதல். இதனை நிலைநாட்டிய வழக்கு ஸோரிங் என்னும் ஜெர்மானிய இளைஞருடையது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1985-இல் நிகழ்ந்த இரட்டைக் கொலைக்காகத் தேடப்பட்ட அவர் இங்கிலாந்திற் பிடிபட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டோர் ஆண்டுக்கணக்கிற் சாவை எதிர்நோக்கி அடைபட்டிருக்கும் கொடுமைக்கு அவரை அனுப்புதல் மனிதத்தன்மைக்கு மாறானது என, 1989 ஜூலை 7 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்த்தது. மரண தண்டனை கேட்கப்படாது என்னும் உறுதியைப் பெற்றபின்னரே, 1990-இல் அவர் அனுப்பப்பட்டார். அங்கே விசாரிக்கப்பட்டு ஆயுட்சிறை விதிக்கப்பெற்றார். இதனை மாணவர் ஊன்றி நோக்கல் வேண்டும். அவர் தப்பவில்லை, விசாரணையும் நின்றுவிடவில்லை, கொடுமை மட்டுமே விலக்கப்பட்டது. அகதிகளைப் பற்றிய 1951-ஆம் ஆண்டின் உடன்படிக்கையும், உயிருக்கோ உரிமைக்கோ தீங்கு நேரும் இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்று 33-ஆம் விதியிற் கூறுகின்றது.

இன்டர்போலும் அதன் அறிவிப்பும்

சிவப்பு அறிவிப்பு என்று மேலே கூறினோம்; அது யாதென இனி விளக்குவோம். பல நாட்டுப் போலீஸார் கூடி 1923-இல் வியன்னா நகரில் ஒரு கழகம் நிறுவினர். 1938-இல் ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றியபோது அக்கழகமும் அவர் கைக்குள் சென்றது. பின்னர் அதன் அலுவலகம் பெர்லினுக்கே கொண்டுபோகப்பட்டது. போர் முடிந்தபின் 1946-இற் கழகம் புத்துயிர் பெற்றது. 1956-இல் இன்டர்போல் என்னும் பெயரும் புதிய அமைப்பு விதிகளும் பெற்றது. அவ்விதிகளுள் மூன்றாவது, அரசியல், இராணுவம், சமயம், இனம் ஆகிய இயல்புடைய எச்செயலிலும் அக்கழகம் தலையிடலாகாது எனக் கண்டிப்பாக விலக்குகின்றது. இன்று 196 நாடுகள் அதன் உறுப்பினர்; தலைமையிடம் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரம்.

இன்டர்போலுக்கெனப் பிறரைக் கைது செய்யும் போலீஸ் படை எதுவும் இல்லை. நாடுகளிடையே செய்தி கொண்டுசெல்லும் தபால்நிலையம் போன்றது அது. ஓர் அரசு தான் தேடும் ஒருவரை இருக்குமிடம் கண்டு, ஒப்படைப்பு நடைபெறும் வரை தற்காலிகமாகத் தடுத்துவைக்குமாறு எல்லா நாடுகளையும் கேட்பதற்கு அக்கழகத்தின் வழியே விடுக்கும் வேண்டுகோளே சிவப்பு அறிவிப்பு. காணாமற்போனோர்க்கு மஞ்சள், அடையாளம் தெரியாத பிணத்துக்குக் கறுப்பு என வேறு நிற அறிவிப்புகளும் உள. சிவப்பு அறிவிப்புக்கு என்ன மதிப்பு அளிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்யும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அறிவிப்பு ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு ஒருவரைக் கைது செய்யமுடியாது. வேறு சில நாடுகளிலோ அதுவே பிடியாணையாகக் கொள்ளப்படும். இவ்வேறுபாட்டை அறியாத பயணி, ஒரு நாட்டில் உலவியது போலவே மற்றொரு நாட்டிலும் உலவலாம் என நம்பிச் சென்று அகப்படுகின்றார்.

இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாதல், அல்லது முன்னரே விதித்த தண்டனையாயின் ஆறு மாதத்துக்குக் குறையாதிருத்தல், அறிவிப்புக்குரிய அளவுகளாம். தனிப்பட்டோர் கொடுக்கல் வாங்கல் வழக்குகளுக்கு அது உரியதன்று. எனினும் அறிவிப்பேயன்றி, ஒரு நாட்டுப் போலீஸார் பிற நாட்டுப் போலீஸார்க்கு அதே கழகத்தின் கம்பிவழியே நேராக விடுக்கும் சுற்றுச் செய்தியும் உண்டு. அதுவும் ஒருவரைப் பிடிக்கப் போதுமானதாகலாம். மேலும், அறிவிப்புகளுள் ஒரு பகுதியே பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றது. மற்றவை போலீஸார் மட்டுமே காண்பன. ஆதலால் தம் பெயர் அதில் இருப்பதை விமான நிலையத்திற் பிடிபடும் நாளிலேயே அறிந்தவர் பலர்.

இதனைத் தவறாகக் கையாளும் வகைக்கு இன்னும் ஒரு சான்று காட்டுவோம். துருக்கியிற் பிறந்து ஜெர்மனியின் குடிமகனான எழுத்தாளர் தோகான் அகான்லி, 2017 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா நகரில் ஓய்வாகத் தங்கியிருந்தபோது, துருக்கியின் வேண்டுகோளாற் பிடிபட்டார். ஸ்பெயின் அவரை ஒப்படைக்க மறுத்தது. எனினும் இரண்டு மாதம் அந்நாட்டை விட்டு அவர் வெளியேற முடியவில்லை. ஒருவரை இறுதியில் விடுவித்தாலும் இடைப்பட்ட நாட்களே தண்டனையாகிவிடுகின்றன.

இரண்டு வாயில்கள்

இங்ஙனம் அகப்பட்டவர் தட்டவேண்டிய வாயில்கள் இரண்டு. ஒன்று, பிடித்த நாட்டின் நீதிமன்றம். அங்கே மேற்கூறிய ஐந்து நெறிகளையும் எடுத்துக்காட்டி வாதாடலாம், ஜாமீன் கேட்கலாம், தம் நாட்டுத் தூதரகத்தாரைச் சந்திக்க வேண்டலாம், அகதியாயின் அதற்குரிய பத்திரத்தை உடனே காட்டலாம். மற்றொன்று, இன்டர்போலின் கோப்புகளை மேற்பார்க்கும் தனி ஆணையம். ஏழு உறுப்பினரைக் கொண்ட அவ்வாணையம் 2017 மார்ச்சு முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகளின்படி இயங்குகின்றது. தம்மைப் பற்றிய செய்தி கோப்பில் உளதா என எவரும் அதனைக் கேட்கலாம். உளதாயின் அழிக்க வேண்டலாம். அழிக்க வேண்டும் விண்ணப்பத்தை ஏற்ற நாளிலிருந்து ஒன்பது மாதத்துள் முடிவு செய்வது விதி. அதன் முடிவு இன்டர்போலைக் கட்டுப்படுத்தும்.

இவ்விரு வாயிலும் வேறு வேறு என்பதை மறத்தலாகாது. ஆணையம் ஒருவரைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ சொல்லாது, சிறைக்கதவையும் திறக்காது. அறிவிப்பு விதிக்கு இணங்கியதா என்பது ஒன்றையே அது நோக்கும். நீதிமன்றமோ ஒப்படைப்பை மறுத்தாலும், லியோன் நகரத்துக் கோப்பிற் பெயர் நிற்கும். அடுத்த நாட்டின் எல்லையில் அப்பெயர் மீண்டும் எழும். ஆகவே ஒரு வாயிலில் வென்றவர் மறு வாயிலையும் தட்டியே ஆகவேண்டும். ஊய்குர் இனத்தவராகிய இத்ரிஸ் ஹசன் என்பவர் வரலாறு இதற்குச் சான்று. சீன அரசின் வேண்டுகோளாற் பிறந்த அறிவிப்பின்மேல் 2021 ஜூலையில் அவர் மொராக்கோவிற் பிடிபட்டார். அடுத்த மாதமே இன்டர்போல் அறிவிப்பை நீக்கிற்று. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் மொராக்கோ நீதிமன்றம் ஒப்படைப்புக்கு இசைந்தது. மூன்று ஆண்டுக்கு மேற் சிறையிற் கிடந்து, 2025-ஆம் ஆண்டிலேயே அவர் விடுதலை பெற்றார்.

நம் நாட்டுச் சட்டம்

இத்துறையில் நம் நாட்டுச் சட்டத்தின் வளர்ச்சிக்குச் சென்னை நகரத்து வழக்கொன்றும் காரணமாயிற்று என்பது நம் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. சிங்கப்பூரில் வழக்கறிஞராய் இருந்த ஒருவரும் அவர் மனைவியும், நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டின்மேல், சென்னை எழும்பூர் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட்டனர். ஆங்கிலேயர் 1881-இல் இயற்றிய ஓடியோர் சட்டப்படி அவர்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டும் என்பது கோரிக்கை. அச்சட்டமோ பேரரசின் அண்டைப் பகுதிகளுக்கிடையே ஒருவரை அனுப்புதற்கு, குற்றத்துக்கு முகாந்தரம் உண்டா எனச் சாட்சியம் பார்த்தலையும் வேண்டாததாக விட்டிருந்தது. உயர்நீதிமன்றத்தினின்றும் மேல்முறையீடாகச் சென்ற அவ்வழக்கில், 1954-இல் உச்சநீதிமன்றம், குடியரசாகிய இந்தியா ஆங்கிலேயரின் உடைமை அன்று. ஆதலின் அச்சட்டம் இங்குச் செல்லாது எனத் தீர்த்தது.

அதன் பின்னர் 1962-இல் நம் நாட்டுக்கெனத் தனி ஒப்படைப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி, கேட்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்படுவார். குற்றத்துக்கு முகாந்தரம் இல்லை எனக் காணின் விடுவிக்கப்படுவார். அரசியற் குற்றத்துக்காக எவரையும் ஒப்புவித்தல் ஆகாது. அவசர வேண்டுகோளின்மேல் முன்னதாகப் பிடிக்கப்பட்டவரை, 60 நாளுள் முறையான கோரிக்கை வாராதாயின் விட்டுவிடவேண்டும்.

கேட்கும் நாடாக நிற்கையிலும் நம் சொல் நமக்கு விலங்காதல் வேண்டும். மும்பை வெடிகுண்டு வழக்கின் அபு சலீம் 2005-இல் போர்ச்சுகல் நாட்டினின்றும் ஒப்படைக்கப்பட்டபோது, மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறையோ இராது என இந்திய அரசு உறுதி கூறியிருந்தது. அவ்வுறுதியை அரசு காக்கவேண்டும் என 2022-இல் உச்சநீதிமன்றம் வற்புறுத்திற்று. கொடிய குற்றம் செய்தவனுக்கும் கொடுத்த சொல்லைக் காத்தால் அன்றோ, நாளை நாம் கேட்கும்போது பிற நாட்டார் நம்பி ஒப்புவிப்பர்?

முடிவுரை

இவ்வளவு காவலும் இருப்பின் உண்மைக் குற்றவாளியும் தப்பிவிடமாட்டானா எனச் சிலர் ஐயுறலாம். சிலர் காலத்தை நீட்டிக்க இவற்றைப் பயன்படுத்துவதும் உண்டு; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காவலைத் தளர்த்துதல் அதற்கு மருந்தாகாது. விசாரணையை விரைவாக நடத்துதலே மருந்து. ஒருபுறம் பொய் அறிவிப்பு மலியுமாயின், உண்மை அறிவிப்பையும் எவரும் மதியார். ஓயாது பொய்யாக ‘புலி, புலி’ என்று கூவிய சிறுவன் கதையை நாம் அனைவரும் அறிவோம். ஆதலாற் குற்றமற்றவரைக் காப்பதும், குற்றவாளியைப் பிடிப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்களே.

நெருப்பில்லாமற் புகையுமா என்று கேட்ட மாணவருக்கு இப்பொழுது விடை கூறுவோம். புகையைக் கண்டவுடன் அடுப்பங்கரைக்குச் சென்று பார்ப்பது அறிவுடையார் செயல். புகை மூட்டியவன் யார், எதற்கு மூட்டினான் என்பதையும் அங்கே காணலாம். சிலப்பதிகாரத்துக் கோவலன் புகார் நகரத்தவன். பாண்டியன் தலைநகரில் அயலான். அவனுக்காகப் பேச அங்கே ஒருவரும் இலர். பொற்கொல்லன் ஒருவன் சொல்லே புகையாயிற்று. வேந்தன் அடுப்பங்கரைக்குச் சென்று பாராமலே ஆணையிட்டான். சிலம்பை உடைத்துப் பார்த்த பின்னர் உண்மை தெரிந்தது. அப்பொழுது மீட்பதற்கு உயிர் இல்லை.

நம் மாணவருட் சிலர் நாளை வழக்கறிஞர் ஆவர். சிலர் போலீஸ் அதிகாரிகள் ஆவர். சிலர் பத்திரிகையில் எழுதுவர். சிலர் அயல்நாட்டு விமான நிலையங்களிற் பணிபுரிவர். பெயர் ஒன்று சிவப்பாய் எழுதப்பட்டு உங்கள் முன் வரும் நாளில் நான்கு கேள்விகளை மறவாது கேளுங்கள். கேட்பவர் யார்? எந்தக் குற்றத்துக்காகக் கேட்கின்றனர்? சான்று யாது? அனுப்பினால் அம்மனிதர்க்கு நேர்வது என்ன? இந்நான்குக்கும் நேரிய விடை கிடைப்பின் ஒப்புவிக்கத் தயங்கவேண்டா. கிடைக்காதாயின், உங்களால் இயன்ற அளவு அக்கதவை அடைத்து நில்லுங்கள். அயலான் ஒருவனுக்கு நாம் இன்று கேட்கும் நியாயமே, அயல்நாட்டில் நம்மவர்க்கு நாளை கிடைக்கவேண்டிய நியாயம்.